ஊக்கு போட்ட சேலையும் கரமனைச் சரிவும்

திருவனந்தபுரத்துக்கு நான் போனது சைக்கிள் ஓட்டப் படிக்க. ஊர் பார்க்க இல்லை. பார்த்ததையும் சேர்த்து எழுது என்று எங்கள் டாக்டரம்மா சொன்னதால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. பிரசவம் பார்ப்பது என் வேலை.

எங்கள் ஆஸ்பத்திரி வள்ளியூருக்குத் தெற்கே பனங்காட்டுக்குள் இருக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களுக்கு நடந்தே போவேன். போன கோடையில் ஒரு பெண்ணுக்கு வலி என்று ஆள் வந்தது. ஓட்டமும் நடையுமாகப் போனேன். பிள்ளை பிறந்து கிடந்தது. தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. நான் கை வைத்தபோது உடம்பு சில்லிடத் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு டாக்டரம்மா பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கிப் போட்டார்.

"படிச்சிட்டு வா, ஞானம். முடியாட்டி முடியலன்னு சொல்லிரு. சின்னப்பிள்ளையப் போட்டுக்கிடுதேன்" என்றார்.

சின்னப்பிள்ளை என்றது புதிதாக வந்த நர்ஸ் பெண்ணை. சைக்கிளில் பறப்பாள். பிரசவம் கை விரலில் எண்ணும் அளவுக்குப் பார்த்திருக்கிறாள். அவள் நேரத்துக்குப் போய்விடுவாள். போய் என்ன செய்வாள் என்பதுதான் எனக்குப் பயம்.

டாக்டரம்மாவோடு வேலை பார்த்த ஏலியம்மா சிஸ்டர் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்க்கிறவர். அவரிடம் என்னை அனுப்பினார்கள்.

சைக்கிள் எனக்குப் பயம். அந்த ஊர் அதைவிடப் பயம். மூன்று தலைமுறைக்கு முன் எங்கள் வீட்டார் அந்த ஊர் தலைநகரான ராஜ்யத்தில் இருந்தவர்கள். எங்கள் சாதிப் பெண்கள் மேலே துணி போட்டுக்கொள்ளக் கூடாது என்று அங்கே கட்டு இருந்தது. போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவர்களின் துணியை இழுத்துக் கிழித்தார்கள். அதனால்தான் கணவாய் தாண்டி இந்தப் பக்கம் வந்தோம். எங்கள் குடும்பத்துப் பெண்கள் பிறகு அங்கே போனதில்லை. இப்போது அப்படி ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். என் அம்மா கேட்கவில்லை.

"மாராப்ப ஊக்கு போட்டு இறுக்கிக்கோட்டி" என்றாள். "அங்க அவுந்தா ஒருத்தரும் மூடிவிட மாட்டாவ."

தோளில், இடுப்பில், முழங்காலுக்குப் பக்கத்தில் என்று ஊக்கு குத்தி, சேலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

யுத்த காலம். பெட்ரோல் தட்டுப்பாடு; கரிப்புகையில் ஓட பஸ்ஸின் முதுகில் அடுப்பு கட்டியிருந்தார்கள். ஏற்றம் வந்தால் வண்டி நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளி முடிந்து ஏறுகிறபோது எல்லார் மூஞ்சியும் கரி.

கணவாயில் ராஜ்ய எல்லைச் சாவடியான சவுக்கையில் எல்லாரையும் இறக்கினார்கள். அரிசியும் துணியும் கடத்துகிறார்கள் என்று சோதனை. பெண்கள் நாலைந்து சேலையை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போகிறார்களாம். சவுக்கைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு இறுக்கமாட்டு எதுக்கு கெட்டியிருக்கு? உள்ள என்ன இருக்கு?"

"நான்தான் இருக்கேன்" என்றேன்.

வரிசையில் நின்ற ஒரு மீன்காரி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோதனைக்கு வைத்திருந்த அம்மாள் என்னை ஓலைத் தட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். இடுப்பைச் சுற்றித் தடவினாள். ஒரு ஊக்கு அவள் விரலில் குத்தியது. விரலைச் சப்பிக்கொண்டே, "போ தாயீ, போ" என்று விட்டுவிட்டாள்.

அன்று முழுக்க அந்தத் தட்டிதான் கண்ணில் நின்றது. துணியைத் தொடுகிற கை அந்த ராஜ்யத்தின் வாசலிலேயே வந்துவிட்டதே என்று நினைத்தேன்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். இடவப்பாதி மழை, வைகாசி நடுவில் அங்கே பிடிக்கிற மழை. எங்கள் ஊரில் மழை வந்தால் வாசலில் நின்று பார்ப்போம். அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஓலைக்குடை பிடித்துக்கொண்டு அவரவர் வேலைக்குப் போகிறார்கள். தெருவும் எங்களுடையது போல இல்லை. மண் சிவப்பு. ஒரு வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் நடுவில் தென்னையும் பலாவும். எல்லாம் மேடு அல்லது பள்ளம். சமதரை என்று ஒரு இடம் கிடையாது. இதில் சைக்கிள் எப்படி ஓட்டுவது?

ஏலியம்மா சிஸ்டர் என்னைவிட மூத்தவர். கனத்த உடம்பு. வெள்ளைச் சேலையைத் தொளதொளவென்று சுற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"எந்தா ஞானம்மே, இது சேலையா, முறிவுக்குப் போட்ட கட்டா?"

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவர் குடியிருந்தார். ராத்திரி மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, அவித்து, சாளை மீன் குழம்பு ஊற்றித் தந்தார். அரிசி ரேஷன். ஊரே கிழங்குதான் தின்கிறது என்றார். நான் அதுவரை தின்றதில்லை. மெழுகு மாதிரி இருந்தது. குழம்போடு இறங்கியது. இரண்டாம் தரமும் வாங்கினேன்.

மறுநாள் காலை ரோட்டோரம் நின்று பெண்களைப் பார்த்தேன். பெரும்பாலும் வெள்ளை. முண்டு உடுத்தி மேலே ஒரு துண்டைச் சும்மா போட்டிருக்கிறார்கள். வலியசாலைப் பக்கத்து அக்கிரகாரத்து மாமிகள் எட்டு முழத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் புடவையைக் காலுக்கு நடுவே வாங்கிக் கட்டி வேகமாக நடக்கிறார்கள். ஒருத்தியும் ஊக்கு போடவில்லை. காற்றடித்தால் துணி பறக்கிறது. கையால் ஒதுக்கிவிட்டுப் பேசிக்கொண்டே போகிறார்கள். எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி முற்றத்தில் பாடம் தொடங்கியது. எனக்குக் கொடுத்த சைக்கிளுக்குச் சங்கிலி மூடி இல்லை. துருப்பிடித்து விழுந்துவிட்டதாம்.

"பேடிக்கண்டா. ஞான் பிடிச்சிருக்கேன்" என்றார் சிஸ்டர்.

பேடி என்றால் பயம். அந்த ஊரில் நான் முதலில் கற்ற சொல் அது.

ஊக்கை எல்லாம் எடுக்கச் சொன்னார். தோள் ஊக்கைத் தவிர மற்றதை எடுத்தேன். ஏறினேன். முற்றத்தைச் சுற்றி இரண்டாவது தரம் வரும்போது கொசுவம் சங்கிலிக்குள் போனது. சேலை கீழே இழுத்தது. வண்டியும் நானும் சாய்ந்தோம். எழுந்து பார்த்தால் பாதிக் கொசுவம் மசியோடு சங்கிலிப் பல்லில் இருந்தது. இடுப்பில் பாதிதான் மிச்சம். காவல்காரர் குட்டன் பிள்ளை திரும்பி நின்றுகொண்டார். பெருக்குகிற பெண் திரும்பவில்லை, சிரித்தாள்.

"முன்னால் பார்க்க வேண்டும்" என்று குட்டன் பிள்ளை சுவரைப் பார்த்தபடியே அவர் பாஷையில் சொன்னார். "சக்கரத்தைப் பார்த்தால் சக்கரத்தில்தான் விழுவாய்."

நான் கொண்டுபோனது இரண்டே சேலை. துணி கிடைக்காத காலம். ஒன்று கிழிந்தது. எனக்குச் சேலை போனது பெரிதில்லை. முற்றத்தில் பாதி உடுப்போடு கிடந்தேனே, அதுதான். அன்று சாப்பிடவில்லை.

சிஸ்டர் தன் சைக்கிளைக் காட்டினார். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கயிற்றால் வலை பின்னியிருந்தார்கள். மெல்லிசான தேங்காய்நார்க் கயிறு. சேலை சக்கரத்துக்குள் போகாது. என் வண்டிக்கும் அப்படிப் பின்னிக் கொடுத்தார்.

"சங்கிலிக்கு?" என்றேன்.

"சங்கிலி வலது பக்கம் அல்லே? கொசுவத்த இடது பக்கம் தள்ளிச் சொருகு. கணுக்காலுக்கு மேல தூக்கிக் கெட்டு. முந்தியை இடுப்புல சுத்து. தொடைகிட்ட தாராளமா விடு. அவ்வளவுதான்."

"கால் தெரியும்."

"காலு எல்லாருக்கும் உண்டு, கேட்டோ."

"நான் இறுக்கியே கட்டிக்கிடுதேன் சிஸ்டர்."

"லூஸ்னா சேலை போகும். டைட்னா நீ போகும். உன் இஷ்டம்" என்றார்.

மற்றச் சேலையை என் விருப்பப்படி கட்டினேன். முழங்காலைச் சுற்றி இறுக்கி ஊக்கு. இடுப்பில் ஊக்கு. தோளில் இரண்டு. துணி சங்கிலிப் பக்கமே போகவில்லை. மிதிக்கவும் முடிந்தது. ஆனால் காலை அகட்டித் தரையில் ஊன்ற முடியாது. ஏற்றிவிட ஒரு ஆள், இறக்கிவிட ஒரு ஆள். முற்றத்தில் குட்டன் பிள்ளை பிடித்துக்கொள்வார். அப்படியே நன்றாகவே ஓட்டினேன். பயம் பாதி குறைந்தது. உடம்பில் ஒன்றும் அசையவில்லை, அவிழவில்லை. அது போதும் என்று இருந்தேன்.

முற்றம் ரோடாகாது என்று சிஸ்டர் ஒரு நாள் காலையில் வெளியே கூட்டிப்போனார். அவர் முன்னால், நான் பின்னால். பழவங்காடிக்கு இறங்குகிற ரோடு. மாட்டு வண்டி, தலைச்சுமை, குடை. எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கூட இவ்வளவு பேர் வரமாட்டார்கள். அங்கே பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் தேங்காய் உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு தேங்காயும் வெடிக்கிற மாதிரி சத்தம். சில்லு ரோட்டில் கிடக்கிறது.

சிஸ்டர் சில்லைப் பார்த்து இறங்கிவிட்டார். டயர் கிழிந்தால் வேறு டயர் கிடைக்காது.

"இறங்கு ஞானம்மே!"

"முடியல."

உண்மையாகவே முடியவில்லை. காலை இழுத்தேன். முழங்கால் ஊக்கு விடவில்லை. சரிவில் வண்டி தன்னாலே போனது. முன்னால் வைக்கோல் வண்டி. வலது பக்கம் கோயில் கூட்டம். இடது பக்கம் ஒரு பெண் மரச்சீனிக் கிழங்கைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் திருப்பினேன்.

கிழங்கின்மேல் விழுந்தேன். வலிக்கவில்லை. தோள் ஊக்கு இரண்டும் பிய்ந்து, முந்தானை கைப்பிடியில் மாட்டிக்கொண்டு நின்றது. மேலே ரவிக்கை மட்டும்தான். பட்டப்பகல். அந்த ஊரின் சந்தை. எந்த இடத்தில் அவிழக் கூடாது என்று அனுப்பினார்களோ அந்த இடம். எழுந்திருக்கவும் முடியாது. கால் கட்டிக் கிடந்தது. யாராவது வந்து இழுப்பார்கள் என்று கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு காத்துக்கிடந்தேன். அந்தப் பயம் இன்னும் கனவில் வருகிறது.

கையில் தேங்காயோடு நின்ற ஒரு அக்கிரகாரத்துக் கிழவர் சொன்னார்: "தேங்காய்க்குப் பதிலா தன்னையே உடைச்சுண்டுடுவா போலிருக்கே."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒரு துணி என்மேல் வந்து விழுந்தது. கிழங்குக்காரி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போட்டிருந்தாள். போட்டுவிட்டு ரவிக்கையோடு அவள்பாட்டுக்குக் கிழங்கைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்கு?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்படியென்றால் எழுந்திரு. வியாபாரம் கெடுகிறது."

சிஸ்டர் வந்து முழங்கால் ஊக்கை எடுத்துவிட்டார். இருவரும் நடந்தே திரும்பினோம்.

மறுநாள் துண்டைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்துதான் போனேன்.

"இன்றைக்கு எந்தக் கடையில் விழப் போகிறாய்?" என்று கேட்டாள்.

"ஒரு கடையிலும் இல்ல. ஊருக்குப் போறேன்" என்றேன். அவளுக்குத் தமிழ் புரிந்தது. ஒரு கிழங்கை எடுத்து என் கையில் வைத்தாள்.

ஊருக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். முடியல என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம். சின்னப்பிள்ளை போகட்டும். மூட்டை கட்டினேன். சேலையை வரும்போது கட்டின மாதிரியே ஊக்கு போட்டுக் கட்டிக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

அப்போது கரமனையிலிருந்து ஒருவர் வந்தார். அக்கிரகாரத்துப் பையன்கள் போலக் குடுமி இல்லை, கிராப்பு. ஏதோ ஆபீசில் குமாஸ்தா. மணி என்று சிஸ்டர் கூப்பிட்டார். அவருடைய தங்கைக்குத் தலைப்பிரசவம். நாள் இன்னும் இருக்கிறது என்று இருந்தார்களாம்.

"திடீர்னு வலி கண்டுடுத்து சிஸ்டர். அம்மா கை காலெல்லாம் உதறிண்டு நிக்கறா. பஸ்ஸுல வந்தேன். திரும்ப எப்போ பஸ்ஸுன்னு தெரியலையாக்கும்."

"நீங்க பஸ்ஸுல வாங்க. நாங்க முன்னால போறோம்" என்றார் சிஸ்டர். என்னைப் பார்த்தார். "நீயும் வா. ரெண்டு கை கூட வேணும்."

பிரசவம் என்றால் நான் யோசிப்பதில்லை. குட்டன் பிள்ளை பிடித்துக்கொள்ள, கட்டின சேலையோடு ஏறினேன்.

கிள்ளிப்பாலம் தாண்டியதும் சிஸ்டரின் முன் டயர் வெடித்தது. தையல் போட்டுத் தையல் போட்டு ஓடின டயர். அவர் விழுந்தார். முட்டி ரோட்டில் இடித்தது. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். நிறுத்த முடியாமல் ஒரு வேலி ஓரமாகப் போய்ச் சாய்ந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நொண்டிக்கொண்டே வந்து என் வண்டியைப் பிடித்து இறக்கினார். முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். முறியவில்லை. மடக்க முடியவில்லை.

பிரசவப் பையை என் வண்டியில் கட்டினார்.

"நேரே போ. கரமனைப் பாலத்துக்கு முன்னால இடது பக்கம் தெரு. வாசல்ல ஆள் நிக்கும். மணி பஸ்ஸுல வரும்போது என்னை ஏத்திக்கிடும்."

"சிஸ்டர், சரிவு இருக்கே."

"இருக்கு."

"எனக்கு இறங்க வராது."

அவர் என் சேலையைப் பார்த்தார். பிறகு ரோட்டுக்கு முதுகைக் காட்டி எனக்கு மறைப்பாக நின்றார்.

ரோட்டில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கள்ளுக்குடத்தோடு ஒருவர், பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி ஒருவர், தலையில் விறகோடு இரண்டு பெண்கள். முழங்கால் ஊக்கை எடுத்தேன். விரலில் குத்திக்கொண்டேன். இடுப்பு ஊக்கை எடுத்தேன். தோள் ஊக்கில் கை வைத்தபோது கொஞ்சம் நின்றேன். அதையும் எடுத்தேன். சேலை தளர்ந்து உடம்பை விட்டு விலகியது. அந்த ஊரின் காற்று உள்ளே புகுந்தது. குளிர் ஜுரம் வந்த மாதிரி பல் அடித்தது. கொசுவத்தை இடது பக்கம் தள்ளிச் செருகினேன். கணுக்காலுக்கு மேல் தூக்கினேன். முந்தியை இடுப்பில் சுற்றினேன்.

விறகுக்காரிகள் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னது கேட்டது: "நர்ஸ் போலிருக்கிறது. எந்த வீட்டிலோ பிரசவம்."

அவ்வளவுதான் சொன்னாள்.

நானாகவே ஏறினேன். யாரும் பிடிக்கவில்லை. சரிவு தொடங்கியதும் வாய்விட்டு ஜெபம் சொன்னேன். ஜெபம் பாதியில் மறந்து போனது. துணி காலில் படபடவென்று அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் சங்கிலி பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. எதிரே ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். வண்டி சாயும்போது இடது கால் தானாகத் தரைக்குப் போனது. நின்றேன். மாடு போனது. மறுபடி ஏறினேன். இறங்கினதும் ஏறினதும் நான்தான் என்று நம்பக் கொஞ்சம் நேரம் ஆனது.

தெரு வாசலில் பெண்ணின் அம்மா நின்றுகொண்டிருந்தார். சைக்கிளையும் என்னையும் பார்த்தார்.

"ஏலியம்மா எங்க?"

"பின்னால வாராவ. நானும் பிரசவம் பாக்கிறவதான்."

"எந்த ஊரும்மா நீ?"

"வள்ளியூர்ப் பக்கம்."

"பாண்டிலேர்ந்து சைக்கிள்லயா வந்தே?" என்றார். எங்கள் பக்கத்தை அங்கே பாண்டி என்பார்கள். பயத்தில் கேட்டது. நான் கை கழுவ வெந்நீர் கேட்டேன்.

பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டு அறைக்கு விட்டார்கள். சின்னப் பெண். மங்களம் என்று பெயர். தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் சேலையில் மசி, மண்.

"மாமி, நீங்க சைக்கிள்லயா வந்தேள்?"

"ஆமா."

"பயமா இல்லையா?"

"இருந்தது. இப்பவும் இருக்கு."

"நேக்கும்" என்றாள்.

"சரி. என் கையப் பிடிச்சுக்கோ."

எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தாள். பிள்ளைத் தலை வந்துவிட்டிருந்தது. சிஸ்டரும் மணியும் பஸ்ஸில் வந்து இறங்கியபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தது. ஆண்.

நஞ்சுக்கொடியும் விழுந்தது. முழுசாக இருந்தது. ஆனால் உதிரம் அடங்கவில்லை. முதலில் சாதாரணம் என்று நினைத்தேன். பிறகு பாயில் பரவியது. மங்களத்தின் உதடு வெளுத்தது. போன கோடையில் நான் பார்த்த முகம் அது.

சிஸ்டர் அடிபட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து அடிவயிற்றை முஷ்டியால் அழுத்திப் பிடித்தார். கருப்பை சுருங்கட்டும் என்று பிள்ளையைப் பாலுக்கு விட்டோம். கொஞ்சம் குறையும், மறுபடி வரும்.

"எர்காட் மருந்து வேணும்" என்றார்.

உதிரத்தைக் கட்டுகிற மருந்து; யுத்த காலத்தில் அது பையில் இருப்பதில்லை. அவர் ஆஸ்பத்திரி டாக்டர் பூட்டி வைத்திருப்பார். பிரசவம் பார்க்கிறவர்கள் கையில் மட்டும் கொடுப்பார்.

மணி வாசலுக்கு ஓடினார். "ஜட்கா ஏதாவது கெடைக்கறதா பார்க்கறேன்" என்றார். ஓடினவர் தெருமுனையில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். மழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஒன்றும் இல்லை.

சிஸ்டர் வயிற்றிலிருந்து கையை எடுக்க முடியாது. என்னைப் பார்த்தார். பேடிக்கண்டா என்று இந்தத் தரம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் மேட்டில் பாதி தள்ளினேன், பாதி மிதித்தேன். சேலை நனைந்து கனத்தது. ஆஸ்பத்திரியில் நான் எர்காட் என்றதுமே டாக்டர் சீசாவை எடுத்துவிட்டார். சிஸ்டரின் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. சீசாவை முந்தியில் முடிந்து மடியில் செருகினேன். குட்டன் பிள்ளை பிடிக்க வந்தார். அதற்குள் ஏறிவிட்டேன்.

திரும்பி வரும்போதுதான் சரிவு முழுக்க மழை. பிரேக் நனைந்து பிடிக்கவே இல்லை. கை நோக அழுத்தினேன். வண்டி கேட்கவில்லை. எதிரே கரமனைப் பாலமும் கலங்கின ஆறும் தெரிந்தன. தெரு அதற்கு முன்னாலேயே திரும்ப வேண்டும். சங்கிலி கொசுவத்தின் ஓரத்தைப் பிடித்தது. பிடிக்கட்டும் என்று விட்டேன். கிழிகிற சத்தம் கேட்டது. மடியில் சீசா இருக்கிறதா என்று ஒரு கையால் தொட்டேன். பிறகு இரண்டு காலையும் தரையில் போட்டேன். செருப்பில்லாத கால். சரளைக்கல் உள்ளங்காலைச் சீவியது. தேய்த்துக்கொண்டே, தேய்த்துக்கொண்டே போய், தெருமுனையில் நின்றது வண்டி. மணி ஓடிவந்து பிடித்தார்.

மருந்தைக் கொடுத்தோம். சிஸ்டர் கையை எடுக்கவில்லை. நான் தலைமாட்டில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாடி நூல் மாதிரி ஓடியது. அறைக்கு வெளியே பெண்ணின் அம்மா தெய்வங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் என் ஆண்டவரைக் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. துணியை மாற்றினேன். பிறகு மாற்றின துணி வெள்ளையாகவே இருந்தது. அதைத் தூக்கிச் சிஸ்டரிடம் காட்டினேன். அவர் அப்போதுதான் முஷ்டியைத் தளர்த்தினார். விரல்கள் விரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

வீட்டில் விளக்கு வைத்தார்கள். மங்களம் கண்ணைத் திறந்தாள்.

"பசிக்கறது" என்றாள்.

பெண்ணின் அம்மா கதவுக்கு வெளியிலிருந்து என்னைக் கேட்டார். "கஞ்சி கொடுக்கலாமோ?"

"கொடுங்க" என்றேன்.